பிழையைத் தெரிந்து வைத்திருக்கும் கடிகாரம்

அக்காள் மகனுக்குப் பட்டமளிப்பை ஒட்டி ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தர வேண்டும் என்று சென்ற மாதம் ஒரு கடைக்குப் போயிருந்தேன். விற்பனையாளர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து என் முன் வைத்தார். பெரிய முகப்புக்குள் மூன்று சின்ன முகப்புகள். சாவிக்கு மேலும் கீழும் ஒவ்வொரு பொத்தான். "இது குரோனோமீட்டர் மாடல், சார்" என்றவர், பொத்தானை அழுத்தி விநாடி முள்ளை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடியும் பன்னிரண்டுக்குத் திருப்பிக் காட்டினார். இதற்குக் குரோனோகிராஃப் என்று பெயர், குரோனோமீட்டர் வேறு என்று நான் சொன்னபோது அவர் சிறிதும் தயங்காமல், "ரெண்டும் ஒண்ணுதான் சார், கம்பெனிக்குக் கம்பெனி பேரு மாறும்" என்றார். கடிகாரத்தை வாங்காமல் திரும்பினேன், காரணம் விலைதான். ஆனால் அந்தப் பதில் பல நாள் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. இந்தச் சொல் கடந்த முந்நூறு ஆண்டுகளில் பட்ட பாட்டைப் பார்த்தால், யாருக்கும் குழப்பம் வருவது இயல்பே.

முதலில் அந்த இன்னொரு சொல்லை முடித்துவிடலாம். குரோனோகிராஃப் என்பதற்குக் 'காலத்தை எழுதுவது' என்று பொருள். 1821ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த குதிரைப் பந்தயத்தில் நிக்கோலா ரியுசெக் என்ற கடிகாரக் கலைஞர் பயன்படுத்திய கருவி உண்மையிலேயே எழுதியது. ஒவ்வொரு குதிரையும் எல்லைக் கோட்டைத் தாண்டும்போது பொத்தானை அழுத்தினால், சுழலும் தட்டின்மேல் ஒரு மைப்புள்ளி விழும். இன்றைய குரோனோகிராஃபுகள் எதையும் எழுதுவதில்லை. மை போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. ஓடவிட்டு நிறுத்தக்கூடிய விநாடி முள் இருந்தால் போதும், ஒரு கடிகாரம் குரோனோகிராஃப் ஆகிவிடும். அது நாளுக்கு ஒரு நிமிடம் முந்தினாலும் பெயருக்குப் பங்கம் இல்லை.

குரோனோமீட்டரின் கதை அவ்வளவு எளிதானதன்று. கிரேக்கத்தில் 'க்ரோனோஸ்' என்றால் காலம், 'மெட்ரோன்' என்றால் அளவு. இரண்டையும் சேர்த்தால் கால அளவி. இந்தக் கூட்டில் துல்லியம் என்ற பொருள் எங்கும் இல்லை என்பதைத்தான் நான் முதலில் கவனித்தேன். சொல்லின் உறுப்புகளை மட்டும் வைத்துப் பார்த்தால் மணற்கடிகாரமும் குரோனோமீட்டர்தான், நிழலை அளந்து பொழுது சொல்லும் குச்சியும் குரோனோமீட்டர்தான். துல்லியம் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. எப்போது, யாரால், எந்தத் தேவையால் ஒட்டியது என்பதே கதை.

அதற்குமுன் 'மெட்ரோன்' பற்றி ஒரு வார்த்தை. அளத்தல் என்ற பொருள் கொண்ட பழைய இந்தோ ஐரோப்பிய வேர் ஒன்றிலிருந்து இது வந்தது என்பது மொழியியலாளர்களிடையே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அதே வேரிலிருந்து வடமொழியில் மானம், மாத்ரா என்ற சொற்கள் வந்தன. அவற்றிலிருந்து நமக்கு வெப்பமானியில் உள்ள மானியும், இலக்கணத்தில் உள்ள மாத்திரையும் கிடைத்தன. ஆக மீட்டரும் மானியும் மாத்திரையும் தூரத்துப் பங்காளிகள். இதில் எனக்குப் பிடித்தது மாத்திரைதான். "கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை" என்று தொல்காப்பியம் சொல்லும்போது, அந்தச் சொல் வெறும் அளவாக நிற்கவில்லை. கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் என்று கால அளவாகவே நிற்கிறது. கிரேக்கம் இரண்டு சொற்களைக் கூட்டிச் சொன்னதைத் தமிழ் இலக்கணம் அந்த ஒற்றைச் சொல்லிலேயே அடக்கிவிட்டது.

'க்ரோனோஸ்' பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. தன் பிள்ளைகளையே விழுங்கிய கிரேக்கத் தெய்வம் ஒருவரின் பெயரும் கிட்டத்தட்ட இதே ஒலியில் அமைந்தது. எழுத்தில் மட்டும் வேறுபாடு. இரண்டும் வெவ்வேறு சொற்கள் என்றாலும், காலம் எல்லாவற்றையும் விழுங்குகிறது என்ற பொருத்தம் கண்ணில் பட்டதால் பழங்காலத்திலேயே இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். ஐரோப்பிய ஓவியங்களில் காலம் கையில் அரிவாளோடு கிழவனாக நிற்பதற்கு இந்த ஒலி ஒற்றுமையும் ஒரு காரணம். கடைக்காரர் மட்டுந்தான் ஒன்றை இன்னொன்றாக்கினார் என்று சொல்ல முடியாது போலிருக்கிறது.

இந்தக் கூட்டுச்சொல்லைக் கடலில் தேடுபவர்கள் அதன் முதல் வேலையைத் தவறவிட்டுவிடுகிறார்கள். அது இசையில்தான் தொடங்கியது. 1696ஆம் ஆண்டு பிரெஞ்சு இசையறிஞர் எத்தியென் லூலியே தமது இசை இலக்கண நூலில் 'க்ரோனோமெத்ர்' என்ற கருவியை விவரித்தார். ஆளுயரத்துக்கு நின்ற அளவுகோல் ஒன்று, அதில் வரிசையாகத் துளைகள், ஒரு துளையில் செருகிய முளையிலிருந்து நூலில் தொங்கும் குண்டு. நூலின் நீளத்தை மாற்றினால் குண்டு ஆடும் வேகம் மாறும். பாடலை எந்தக் காலப்பிரமாணத்தில் பாட வேண்டும் என்று இசையமைப்பாளர் எண்ணினாரோ, அதைத் துளையின் எண்ணால் குறித்துவிடலாம். அது மணி காட்டவில்லை, 'டிக்' என்று ஒலிக்கவும் இல்லை. கண்ணால் பார்த்துத்தான் தாளத்தைப் பிடிக்க வேண்டும். இந்த வழக்கு நூறாண்டுக்கும் மேல் உயிரோடு இருந்தது. பின்னாளில் மெட்ரோனோம் என்ற பெயரில் உலகெங்கும் பரவிய கருவியை மெல்ட்செல் என்ற கருவிக் கலைஞர் 1815இல் பதிவுசெய்வதற்குமுன், வியன்னாவில் அவரது தாளக்கருவியையும் குரோனோமீட்டர் என்றே அழைத்தார்கள். மிருதங்கம் கற்பவர்கள் இன்று கைப்பேசியில் வைத்துக்கொள்ளும் செயலியின் மூதாதைக்குத்தான் இந்தப் பெயர் முதலில் உரியது.

இனிக் கடலுக்குப் போவோம். 1707 அக்டோபரில் அட்மிரல் க்ளவுட்ஸ்லி ஷவல் தலைமையில் திரும்பிக்கொண்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்கள், தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதின. நான்கு கப்பல்கள் மூழ்கின. ஆயிரத்து நானூறு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். வடக்கு தெற்காக எங்கே இருக்கிறோம் என்பதைத் துருவ நட்சத்திரத்தின் உயரத்தையோ நண்பகல் சூரியனின் உயரத்தையோ அளந்து சொல்லிவிடலாம். கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்பதுதான் சிக்கல். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்வதால், ஒரு மணி நேரம் 15 பாகைக்குச் சமம்; நான்கு நிமிடம் ஒரு பாகை; நான்கு விநாடி ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. நிலநடுக்கோட்டில் அந்த ஒரு கலை ஒரு கடல் மைல். கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் இப்போது என்ன நேரம் என்று நடுக்கடலில் தெரிந்தால், உள்ளூர் நண்பகலோடு அதை ஒப்பிட்டுத் தீர்க்கரேகையைக் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு வேண்டியது, கப்பலின் ஆட்டத்திலும் வெயிலிலும் குளிரிலும் மாறாமல் ஓடும் ஒரு கடிகாரம். அப்படி ஒன்று அப்போது உலகில் இல்லை.

1714இல் பிரிட்டன் நாடாளுமன்றம் பரிசு அறிவித்தது. மேற்கிந்தியத் தீவுகள்வரை போய்ச் சேரும்போது தீர்க்கரேகையை அரைப் பாகைப் பிழைக்குள் காட்டும் முறைக்கு 20,000 பவுண்டு. அரைப் பாகை என்றால் இரண்டு நிமிடம். ஆறு வாரப் பயணத்தில் நாளொன்றுக்கு மூன்று விநாடிகூட வழுவக் கூடாது. இவ்வளவு பெரிய தொகை என்றதும் அறிஞர்களோடு அரைகுறைகளும் கிளம்பினார்கள். அந்தக் கூட்டத்தில் யார்க்‌ஷயரின் பெவர்லி ஊரைச் சேர்ந்தவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட ஜெரமி தாக்கர் அதே ஆண்டு ஒரு சிறு நூலை வெளியிட்டார். காற்றகற்றிய கண்ணாடிக் கூட்டுக்குள் கடிகாரத்தை வைப்பது, சாவி கொடுக்கும் நேரத்திலும் அது நின்றுவிடாதபடி துணை விசை ஒன்றை அமைப்பது என்ற இரண்டும் அவரது யோசனைகள். வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் ஓட்டம் மாறும் என்பதை அவர் மறைக்கவும் இல்லை. அந்த நூலில்தான் அவர், ஒலிமானி, தீமானி, நிலவுமானி, சூரியமானி, காற்றழுத்தமானி என்று அன்று பெருகிக்கொண்டிருந்த 'மீட்டர்'களை எல்லாம் அடுக்கி, இவை எதுவும் என் குரோனோமீட்டரின் பக்கத்தில் நிற்கத் தகுதியற்றவை என்று எழுதினார்.

அந்த வாக்கியத்தின் தொனியைக் கவனித்தால் ஒரு சிரிப்பு கேட்கும். எதற்கெடுத்தாலும் கிரேக்கத்தில் ஒரு 'மீட்டர்' ஒட்டிப் பெயர் வைக்கும் அந்தக் கால மோகத்தைக் கிண்டல் செய்துகொண்டே, தாமும் ஒன்றைச் செய்து வைக்கிறார். 2008ஆம் ஆண்டு பாட் ராஜர்ஸ் என்ற இலக்கிய ஆய்வாளர் ஒரு படி மேலே போய், தாக்கர் என்று ஒருவர் இருந்ததே இல்லை, அது ஜான் ஆர்பத்நட் என்ற மருத்துவரும் அங்கத எழுத்தாளருமானவர் புனைபெயரில் எழுதிய நையாண்டி என்று வாதிட்டார். எல்லோரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அது உண்மையாக இருந்தால், துல்லியத்தின் மறுபெயராக இன்று சான்றிதழ்களில் அச்சாகும் சொல், கடற்கடிகாரக் கனவைப் பேசிய ஓர் ஆங்கில நூலில் ஒரு கேலியாகத்தான் வந்திருக்கிறது என்றாகும். எனக்கு அந்த வாய்ப்பு பிடித்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உண்மையில் அந்தக் கடிகாரத்தைச் செய்து காட்டியவர் ஜான் ஹாரிசன் என்ற தச்சர் வீட்டுப் பிள்ளை. அவரைப் பற்றி எழுதும் எல்லோரும், நான் உட்பட, 'ஹாரிசனின் குரோனோமீட்டர்' என்று கூசாமல் எழுதிவிடுகிறோம். அவர் அந்தச் சொல்லைத் தம் கருவிக்குப் பெயராகக் கொள்ளவில்லை. 1759இல் முடித்த நான்காவது கருவி, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு கடிகாரம். அதை வாட்ச் என்றும் டைம்கீப்பர் என்றும்தான் அழைத்தார்கள். பரிசு யாருக்கு என்று தீர்மானித்த தீர்க்கரேகை வாரியம் 1767இல் அதன் அமைப்பை விளக்கி வெளியிட்ட நூலின் தலைப்பிலும் டைம்கீப்பர்தான். லார்கம் கெண்டல் அதைப் பார்த்துச் செய்த நகல், 1772இல் புறப்பட்ட கேப்டன் குக்கின் இரண்டாம் பயணத்தில் தெற்குக் கடல்களைச் சுற்றிவந்தபோது, குக்கும் அதை வாட்ச் என்றே குறித்தார்; நம்பிக்கைக்குரிய நண்பன் என்று பாராட்டியதும் அந்த வாட்சைத்தான். அந்தப் பக்கம் பிரான்சில் லெ ருவாவும் பெர்தூவும் செய்தவை 'கடல் கடிகாரங்கள்'. ஆக, கருவி பிறந்துவிட்டது. கடலுக்குப் போய்ச் சோதனையில் வென்றும்விட்டது. பெயர் மட்டும் வரவில்லை.

பெயர் வந்தது 1780ஐ ஒட்டி. லண்டனில் ஜான் ஆர்னால்டு என்பவர் ஹாரிசனின் சிக்கலான அமைப்பை விட்டுவிட்டு, எளிமையான, பலமுறை செய்யக்கூடிய வடிவத்தில் துல்லியக் கடிகாரங்களைச் செய்யத் தொடங்கியிருந்தார். அவற்றில் ஒன்று கிரீனிச் வானாய்வகத்தில் பதின்மூன்று மாதம் சோதிக்கப்பட்டது. 1780இல் அந்தக் கணக்கை அவர் அச்சிட்டபோது தலைப்பிலேயே அதைச் சட்டைப்பைக் குரோனோமீட்டர் என்று அழைத்தார். ஏறத்தாழ அதே சமயத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல்வரைபட அறிஞர் அலெக்சாண்டர் டால்ரிம்பிள், கடலில் இத்தகைய கருவிகளை வைத்திருப்போருக்குப் பயன்படும் குறிப்புகளை வெளியிட்டார். அதில் அவர் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடித்தது: இவ்வளவு மதிப்புள்ள கருவி, ஒரு விளக்கத்தால் அறியப்படாமல் ஒரு பெயரால் அறியப்பட வேண்டும், நண்பர் பாங்க்ஸும் இதற்கு இசைந்திருக்கிறார், ஆகவே இங்கே அதைக் குரோனோமீட்டர் என்று அழைக்கிறேன். அந்தப் பாங்க்ஸ், குக்கின் முதல் பயணத்தில் உடன்சென்ற ஜோசப் பாங்க்ஸ். 'கடலில் நேரத்தை அளக்கப் பயன்படும் இயந்திரம்' என்று ஒவ்வொரு முறையும் நீட்டி முழக்குவதில் சலித்துப்போன ஒருவரின் முடிவு இது. கலைச்சொல் பிறப்பதற்கு இதைவிட நேர்மையான காரணம் இருக்க முடியாது.

இந்த டால்ரிம்பிள் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். பதின்வயதில் கம்பெனி எழுத்தராகச் சென்னைக்கு வந்து, இங்கேதான் வேலை கற்றவர். 1770களில் மறுபடியும் புனித ஜார்ஜ் கோட்டைக்கு ஆலோசனைக் குழு உறுப்பினராக வந்து சிறிது காலம் இருந்தவர். சென்னைக் கடலும் இந்தப் பெயரும் அவர் வழியாக ஒருமுறை உரசிக்கொண்டிருக்கின்றன. அதற்குமேல் உரிமை கொண்டாட ஏதும் இல்லை.

ஆனால் ஒரு பெயர் வைத்துவிட்டால் மட்டும் பொருள் வந்துவிடாது. குரோனோமீட்டர் என்றால் உண்மையில் என்ன என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் பெரியப்பா. அவர் வணிகக் கப்பலில் செகண்ட் ஆபீசராக இருந்தவர். வரைபட அறையில், மெத்தை வைத்த மரப்பெட்டிக்குள், கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் முகம் மேல்நோக்கியே நிற்கும்படி பித்தளை வளையங்களில் தொங்கவிடப்பட்டிருக்கும் அந்தக் கடிகாரத்துக்குத் தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுப்பது அந்நாளில் செகண்ட் ஆபீசரின் கடமை. இரண்டு நாளுக்குமேல் ஓடக்கூடிய கடிகாரம்தான் என்றாலும் நாள் தவறாமல் கொடுக்க வேண்டும். எண்ணி ஏழரைச் சுற்று. சாவி கொடுத்து எவ்வளவு நேரமாயிற்று என்று காட்டுவதற்கு முகப்பில் தனியாக ஒரு சிறு முள் இருக்கும். "சாப்பாட்டை மறந்தாலும் அதை மறக்கக் கூடாது" என்பார்.

நான் சிறுவனாக இருந்தபோது கேட்டேன்: அது தப்பாக ஓடினால் சரிசெய்து வைப்பீர்களா? அவர் திடுக்கிட்டதுபோல் பார்த்தார். "அந்த முள்ளை யாரும் தொடவே மாட்டோம்பா. எவ்வளவு தப்புன்னு எழுதி வச்சுக்குவோம்." வானொலியில் நேரக்குறிப்பு ஒலிக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து வேறுபாட்டை ஒரு நோட்டில் பதிவார்கள். கிரீனிச் நேரத்திலிருந்து இன்று எவ்வளவு விலகியிருக்கிறது என்பது 'எரர்'. அந்த விலகல் நாளுக்கு எவ்வளவு கூடுகிறது அல்லது குறைகிறது என்பது 'ரேட்'. எரர் எத்தனை நிமிடமாக இருந்தாலும் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ரேட் மாறினால்தான் கேப்டன் முகம் மாறும். கப்பலில் ஒரு குரோனோமீட்டர் இருக்கலாம், மூன்று இருக்கலாம், இரண்டு மட்டும் இருக்கக் கூடாது என்றும் அவர் சொல்வார். இரண்டும் முரண்பட்டால் எதை நம்புவது என்று தெரியாது. உலகப் பயணம் போன பீகிள் கப்பலில் 1831இல் இருபத்திரண்டு வைத்திருந்தார்கள் என்று பின்னால் படித்தபோது அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இதைக் கணக்கில் போட்டுப் பார்த்தால்தான் அதன் நயம் புரியும். ஒரு கடிகாரம் நாளுக்கு ஆறு விநாடி முந்துகிறது. முப்பது நாளில் 180 விநாடி. அது நமக்குத் தெரியாவிட்டால் நிலநடுக்கோட்டில் 45 கடல் மைல் தள்ளி நிற்கிறோம். நாள்தோறும் சரியாக ஆறுதான் என்று தெரிந்துவிட்டால், 180ஐக் கழித்துவிட்டுப் பாறையில் மோதாமல் போய்விடலாம். இன்னொரு கடிகாரம் ஒரு நாள் இரண்டு விநாடி முந்தி, மறுநாள் மூன்று பிந்தி, சராசரியில் ஏறத்தாழச் சரியாகவே இருக்கிறது என்றால், கடையில் அதுதான் நல்ல கடிகாரம், கடலில் முதலாவதுதான். குரோனோமீட்டரின் துல்லியம் பிழையே இல்லாமையில் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறோம். கடலோடிகள் அதைப் பிழையின் சீரில் தேடினார்கள்.

ஹாரிசனின் புகழ்பெற்ற வெற்றியும் இந்தக் கழித்தலில்தான் நிற்கிறது. 1761இல் அவர் மகன் வில்லியம் அந்த நான்காம் கருவியோடு ஜமைக்காவுக்குப் போனபோது, 81 நாளில் அது 5.1 விநாடி மட்டுமே பிந்தியது என்று எல்லா நூல்களும் வியக்கின்றன. நாளொன்றுக்கு 2⅔ விநாடி பிந்தும் என்ற ரேட்டைக் கழித்த பிறகு கிடைத்த எண் அது. கழிக்காமல் பார்த்தால் 216 விநாடியும் அந்த 5.1 விநாடியும் சேர்ந்து 221. தீர்க்கரேகையில் 55 கலை. பரிசுக்குரிய அரைப் பாகை எல்லை 30 கலைதான். ரேட் என்ற கருத்து இல்லையென்றால் உலகின் முதல் வெற்றிகரமான கடற்கடிகாரம் முழுப் பரிசுக்குத் தகுதி இல்லாமல் போயிருக்கும். அடுத்த முறை 1764இல் பார்படோஸ் பயணத்துக்குக் கிளம்பும்போது, ரேட்டை முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் புறப்பட்டார்கள்.

கப்பலில் எழுதி வைத்த எரரைக் கரையில் சரிபார்க்கவும் ஓர் இடம் வேண்டுமல்லவா? துறைமுகத்தின் தீர்க்கரேகை துல்லியமாகத் தெரிந்தால்தான் அது நடக்கும். 1792இல் நுங்கம்பாக்கத்தில் கம்பெனி கட்டிய வானாய்வகத்தின் நோக்கங்களில் கடற்பயணமும் புவியியலும் வானியலோடு சேர்ந்தே இருந்தன. சென்னையின் தீர்க்கரேகை ஏறத்தாழ எண்பதேகால் பாகை. பாகைக்கு நான்கு நிமிடம் என்று பெருக்கினால் 321 நிமிடம். கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்திய அந்த 'மதராஸ் நேரம்', 1906இல் இந்திய நேரம் வரும்வரை இந்திய இரயில்களையும் ஓட்டியது.

பிறகு இந்தச் சொல் ஒவ்வொரு நாட்டில் ஒவ்வொரு வழியில் போனது. பிரெஞ்சிலும் ஸ்பானிய மொழியிலும் இன்று சாதாரணப் பேச்சில் குரோனோமீட்டர் என்றால் விளையாட்டுத் திடலில் கையில் வைத்திருக்கும் ஸ்டாப்வாட்ச். நம் கடைக்காரர் பாரிஸில் கடை வைத்திருந்தால் அவர் பேச்சில் பிழை காண முடியாது. ஆனால் அதே பிரெஞ்சு பேசும் சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழில் இந்தப் பெயருக்குக் காவல் போட்டது. 1973இல் தொடங்கிய, சுருக்கமாகக் காஸ்க் எனப்படும் சோதனை நிறுவனம், கூட்டுக்குள் பொருத்துவதற்குமுன் கடிகாரத்தின் உள்ளியந்திரத்தைப் பதினைந்து நாள் சோதிக்கிறது. ஐந்து நிலைகளில் படுக்கவைத்தும் நிறுத்தியும், 8, 23, 38 செல்சியஸ் பாகைகளில் வைத்தும் பார்க்கிறார்கள். சராசரியாக நாளுக்கு 4 விநாடிக்குமேல் பிந்தக் கூடாது, 6 விநாடிக்குமேல் முந்தக் கூடாது. விளம்பரங்களில் இந்த ஒரு விதி மட்டும் வரும். ஏழு விதிகளில் இன்னொன்று, ஓட்டத்தின் சராசரி மாறுபாடு 2 விநாடியைத் தாண்டக் கூடாது என்பது. பெரியப்பாவின் நோட்டு இருப்பது இந்த விதிக்குள்தான். இந்தத் தேர்வில் தேறினால்தான் முகப்பில் குரோனோமீட்டர் என்று எழுதிக்கொள்ள முடியும். 'நேரம் அளப்பது' என்று மட்டும் பொருள்பட்ட சொல், அங்கே ஒரு பட்டம்போல வழங்கப்படுகிறது.

தமிழில் காலமானி என்று எழுதுவது உண்டு. உறுப்புக்கு உறுப்பு சரியான ஆக்கம். துல்லியத்தைப் பற்றி வாய் திறக்காத கிரேக்க மூலத்தின் மௌனமும் அதில் அப்படியே வந்துவிடுகிறது. அந்த மௌனம் பொறுக்காதவர்கள் துல்லியக் காலமானி என்று நீட்டுகிறார்கள். டால்ரிம்பிள் எதை வேண்டாம் என்றாரோ, அந்த விளக்கத்துக்கே திரும்பிப்போகிறார்கள். காலமானி போதும் என்பது என் கட்சி. சொல்லின் பொருளைப் பழக்கம் கூர்மையாக்கிவிடும். கூர்மை மழுங்கவும் செய்யும். நிமிஷம் என்பது வடமொழியில் கண்ணிமைப்பு. நாம் அதை அறுபது விநாடிக்கு நீட்டிவிட்டோம். விநாடி பழைய கணக்கில் நாழிகையில் அறுபதில் ஒரு பங்கு, அதாவது இன்றைய 24 விநாடி; அதை ஒன்றாகச் சுருக்கிவிட்டோம். இமைப்பொழுது பெரியதாகி, பெரியது சிறியதானது பற்றி யாரும் வழக்குத் தொடரவில்லை.

காலமானிக்குப் பழந்தமிழில் ஒரு முன்னோடி இருப்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முல்லைப்பாட்டில் பாசறையில் இரவு வேளையில் அரசனுக்கு நேரம் சொல்ல வருபவர்களைப் "பொழுதளந் தறியும் பொய்யா மாக்கள்" என்று புலவர் குறிக்கிறார். அவர்கள் கையில் இருப்பது குறுநீர்க் கன்னல், துளையிட்ட பாத்திரத்தில் நீரை வைத்து நாழிகை அளக்கும் கருவி. பொழுது என்பது க்ரோனோஸ். அளந்து என்பது மெட்ரோன். இரண்டையும் கிரேக்கர்களைக் கேட்காமலே பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். மூன்றாவதாக ஒரு சொல் சேர்த்ததுதான் வேறுபாடு: பொய்யா. கிரேக்கக் கூட்டில் இல்லாத துல்லியம் இங்கே வாய்விட்டுச் சொல்லப்படுகிறது. ஆனால் அது கன்னலுக்கு அடையாக வரவில்லை, மாக்களுக்கு அடையாக வருகிறது. பாத்திரத்தின் துளை அடைபடலாம், நீர் கலங்கலாம். அதை அறிந்து கூட்டிக் கழித்துச் சொல்பவன் பொய்க்கக் கூடாது. நோட்டில் ரேட் எழுதும் செகண்ட் ஆபீசரை அந்தப் புலவர் பார்த்திருந்தால் உடனே அடையாளம் கண்டிருப்பார்.

கடையிலிருந்து வந்த பிறகு, என் கையில் பதினெட்டு ஆண்டாக இருக்கும், சாவி கொடுத்து ஓடும் பழைய கடிகாரத்தைப் பதினைந்து நாள் சோதித்துப் பார்த்தேன். காலை ஏழு மணிக்குச் சாவி கொடுத்து, கைப்பேசியின் நேரத்தோடு ஒப்பிட்டு, முள்ளைத் தொடாமல், வேறுபாட்டை மட்டும் குறித்துக்கொண்டேன். சராசரியாக நாளுக்கு ஒன்பது விநாடி முந்துகிறது. சுவிஸ் விதிப்படி தோல்வி. பெரியப்பாவுக்கு இப்போது எண்பத்து மூன்று வயது, தொலைபேசியில் சொன்னேன். "ஒன்பது இருக்கட்டும்பா" என்றார், "தினமும் ஒன்பதேதானா?" நோட்டைப் புரட்டிப் பார்த்து, எட்டுக்குக் கீழே போகவில்லை, பத்துக்கு மேலே ஏறவில்லை என்றேன்.

"அப்ப நல்ல வாட்சுதான். முள்ளைத் திருப்பாதே."